தைக்காமல் விட்ட கடைசி அத்தியாயம்

அச்சுத் தொழில் பள்ளியின் ஆண்டு மலருக்காக என்னைப் பார்க்க வந்த மாணவிகள், தங்கள் தாளில் என் பெயருக்குக் கீழே ‘ஓய்வு பெற்ற பைண்டர்’ என்று முன்பே எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு முப்பத்து நான்கு வயது. வலது கட்டை விரலின் நரம்பு ஊசியைப் பிடிக்க மறுத்துவிட்டது. டாக்டர் தையலை நிறுத்தச் சொன்னார், நிறுத்திவிட்டேன். அதற்கு ஓய்வு என்று பெயர் வைத்தால் வைக்கட்டும்.

அவர்கள் மூன்று கேள்விகள் கொண்டு வந்திருந்தார்கள். இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள், யாரிடம் கற்றீர்கள், செய்ததிலேயே கடினமான வேலை எது. முதலிரண்டுக்கும் சில வரிகள் போதும். மூன்றாவதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

பைண்டிங் படிப்பு மதராஸில் ஒரு வருடம். வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். மடித்தல், அடுக்குதல், தைத்தல், முதுகு ஒட்டுதல், ஓரம் வெட்டுதல், அட்டை பூட்டுதல். இந்த வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சான்றிதழை வாங்கிக்கொண்டு காஞ்சிபுரத்துக்குத் திரும்பினேன். காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த கரீம் பாயின் பைண்டிங் கடையில் சேர்ந்தேன். காலையில் நெசவாளர்கள் தெருவின் குறுக்கே பாவு நூலை நீட்டியிருந்தால் எங்கள் கடைக்குக் கைவண்டி வராது. அட்டைக் கட்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு, பாவுக்குக் கீழே குனிந்து குனிந்து வந்து சேர வேண்டும்.

கரீம் பாய் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நான் தைத்து வைத்த புத்தகத்தைக் கையில் எடுப்பார். நடுவில் விரித்து மேசைமேல் வைப்பார். அது தானாக மூடிக்கொண்டால் கத்தியை எடுத்து முதுகில் ஒரே இழுப்பு, அவ்வளவு நூலும் அறுந்துவிடும்.

“சர்டிபிகேட்டம்மா, புக்குன்னா வாயைத் தொறந்து பேசணும். நீ கழுத்தை நெரிச்சி வெச்சிக்கினு இருக்கிற” என்பார். கடைசிவரை அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

மைதாவில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து பசை காய்ச்சுவது அவர் வேலை. அதை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, சரி என்று தலையசைத்த பிறகே நாங்கள் தூரிகையைத் தொடலாம். பசை காயாமல் யார் கேட்டாலும் புத்தகம் வெளியே போகாது. ஒரு முறை பெரிய பட்டுக் கடை முதலாளி ஒருவர், துணித் துண்டுகள் ஒட்டிய மாதிரிப் புத்தகத்துக்காக வாசலில் வந்து நின்றார். வெளியூர் வியாபாரி காத்திருக்கிறாராம். “அவரைக் காத்திருக்கச் சொல்லுங்க. பட்டு காத்திருந்துதானே புடவையாச்சி” என்று சொல்லிவிட்டு பாய் திருகு பிரஸ்ஸை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். நான் பயந்துவிட்டேன். முதலாளி சிரித்துக்கொண்டே போனார்.

எங்களுக்குப் பாதி வருமானம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளால் வந்தது. வாராவாரம் அத்தியாயத்தைப் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து, கதை முடிந்ததும் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நாங்கள் தைத்து அட்டை போட்டுத் தருவோம். ஊரில் படிக்கத் தெரிந்தவர் உள்ள வீடுகளில் எல்லாம் அப்படி இரண்டு மூன்று புத்தகங்களாவது இருக்கும்.

அறுபதுகளின் கடைசியில் ‘கலம் கவர்ந்த காரிகை’ என்றொரு தொடர் வந்தது. முத்துக் குளிப்பவன் மகள் செங்கயல். துறைமுகத் தலைவன் ஒருவன் அவள் ஊர் ஆண்களைக் கொன்றுவிடுகிறான். கணவனை இழந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு அவள் ஒரு கப்பலைப் பிடிக்கிறாள். அதன் பிறகு அந்தக் கரையோரம் போகும் குதிரைக் கப்பல், கற்பூரக் கப்பல் எதுவும் தப்புவதில்லை. கடலே பார்க்காத எங்கள் ஊரில் அந்தக் கொள்ளைக்காரிக்கு இருந்த மதிப்பு சொல்லி முடியாது. அலை மாதிரி வளைந்த புடவைக் கரை ஒன்றைத் தறியில் போட்டு, ‘செங்கயல் பார்டர்’ என்று கடைகளில் விற்றார்கள்.

“பத்து பொம்பளைங்க சேர்ந்து கப்பல் ஓட்றாங்களாம். எங்க ஊட்ல ரெண்டு மருமவளுங்க சேர்ந்து ஒரு அடுப்பை ஓட்ட முடியல” என்பார் கரீம் பாய். ஆனால் வியாழக்கிழமை பத்திரிகை வந்ததும், ‘அந்தப் பொண்ணு என்ன ஆனா’ என்று முதலில் கேட்பவரும் அவரே.

அந்தத் தொடர் முடியப் போகும் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பச்சையம்மாள் எங்கள் கடைக்கு வந்தாள். முசரவாக்கத்துக்காரி. சொந்தத் தோட்டத்துக் கத்திரிக்காயைக் கூடையில் கொண்டுவந்து மார்க்கெட்டில் விற்பவள். காலிக் கூடைக்குள்ளிருந்து பழைய வேட்டியில் சுற்றிய ஒரு கட்டை எடுத்து என்முன் வைத்தாள்.

“எம் பொண்ணு சுலோச்சனா சானடோரியத்துல இருக்குதும்மா. மார்ல சளி கட்டி ஒரு பக்கம் கெட்டுப்போச்சாம். வர்ற திங்கக்கெழமை ஆபரேஷன். இந்தக் கதையை ஊட்ல இருக்க சொல்லோ அதுதான் எடுத்து எடுத்து வெச்சிக்கினு இருந்திச்சி. ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம் நான் வெச்சிக்கினு வரேன். அங்க வார்டுல பத்திரிகை எல்லாம் வராது. யாராச்சும் பாக்க வந்தவங்க கொண்டாந்து வுட்டாத்தான். ‘அம்மா, கத்தியை வெச்சி அறுக்கறதுக்கு முன்னால செங்கயல் என்ன ஆனான்னு தெரிஞ்சிக்கணும்மா’ன்னு போன வாரம் கேட்டிச்சி. ஞாயித்துக்கெழமைதான் பாக்க வுடுவாங்க. அதுக்குள்ள புக்கா பண்ணிக் குடும்மா.”

கட்டைப் பிரித்தேன். அரிவாள்மணையில் வைத்து அறுத்த தாள்கள். கோடு போட்டது மாதிரி நேராக இருந்தன, ஆனால் எழுத்தை ஒட்டியே அறுத்திருந்தாள். ஊசி போட இடமே இல்லை. ஒவ்வொரு தாளுக்கும் உள்பக்கமாக மெல்லிய ஒட்டுத்தாள் கொடுத்தால்தான் தைக்க முடியும். அத்தியாய எண்படி அடுக்கினேன். நடுவில் மூன்று அத்தியாயங்கள் இல்லை. அந்த இடத்தில் வேறொரு தொடரின் பக்கங்கள் இருந்தன. கல்லூரி ஆசிரியை ஒருத்தி பரிசலில் ஆற்றைக் கடக்கும் படம்.

“இது வேற கதைம்மா” என்றேன்.

“எப்டிம்மா? பொம்பளை இருக்குது, தண்ணி இருக்குது, ஓடம் இருக்குது.”

அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. படத்தை வைத்துத்தான் இத்தனை மாதங்களாகக் கதையைக் கண்டுபிடித்து அறுத்து வைத்திருக்கிறாள். அந்த மூன்று வாரமும் செங்கயல் குதிரை வியாபாரியாக வேடம் போட்டு எதிரியின் கோட்டைக்குள் இருந்தாள். படத்தில் தலைப்பாகையும் பெரிய மீசையுமாக ஓர் ஆள் நிற்பான். சொன்னேன்.

பச்சையம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “அடிப்பாவி! மீசை வெச்சிக்கினு நின்னா நான் எப்டிம்மா கண்டுபிடிப்பேன்?”

கரீம் பாய் சிரித்துவிட்டார். “கோட்டையில இருக்கற சேனாதிபதியே கண்டுபிடிக்கல. நீ மட்டும் எப்டிமா கண்டுபிடிப்ப?” என்றார். அவளும் சிரித்தாள். பிறகு பயம் வந்துவிட்டது. மீதித் தாள்களை வெற்றிலைக் கடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். “மூணு இல்லாங்காட்டி கதை புரியாதா?”

பாய் இன்னொன்று கேட்டார். “உம் பொண்ணு கை எவ்ளோ கனம் தாங்கும்?”

அவள் யோசித்தாள். “சொம்புத் தண்ணியை ரெண்டு கையாலயும் புடிக்குது. அப்பவும் நடுங்குது.”

“படுத்துக்கினுதான் படிக்குமா?”

“உக்காந்தா மூச்சு வாங்குது பாய்.”

அவர் தாள்கட்டைக் கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தார். “சர்டிபிகேட்டம்மா, அட்டை வேணாம். காலிகோத் துணியும் வேணாம். நாலா பிரி. ஒவ்வொண்ணும் ஒரு கையில நிக்கணும். மார்மேல வெச்சா அழுத்தக் கூடாது. நடுவுல விரிச்சா விரிச்சபடி கெடக்கணும். பொண்ணு விரலால புடிச்சிக்கினு இருக்கக் கூடாது.” எனக்குக் கொடுத்த பாடத்திட்டத்தில் இப்படி ஒரு புத்தகம் இல்லை.

காணாமல் போன மூன்று அத்தியாயங்களுக்காகப் பழைய பேப்பர் கடைகளில் தேடினேன். கிடைக்கவில்லை. எங்கள் அலமாரியிலேயே அதே தொடரின் இன்னொரு கட்டு இருந்தது. சின்ன காஞ்சிபுரம் ரங்கநாயகி மாமி, கடைசி அத்தியாயம் வந்ததும் சேர்த்துத் தைக்கலாம் என்று முன்கூட்டியே கொடுத்து வைத்தது. என் பார்வை போன இடத்தை பாய் பார்த்துவிட்டார்.

“அதைத் தொடாதே. அது வேற ஊட்டுப் பொருள்.”

“கேட்டு வாங்கட்டுமா பாய்?”

“கேளு. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போனா திரும்பி வராதுன்னு முதல்லயே சொல்லிட்டுக் கேளு. அதைச் சொல்லாம கேட்டா அது கேக்கறது இல்ல, கொள்ளை.”

சந்நிதித் தெருவில் அவர்கள் வீடு. மாமியின் கணவர் சமஸ்கிருத வாத்தியாராக இருந்தவர். கட்டோடு என்னைக் கண்டதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “அடியே, உன் கொள்ளைக்காரி வந்திருக்கா! இவளுக்கு ராமாயணத்தைவிட அவமேலதாம்மா பக்தி ஜாஸ்தி.”

மாமி வந்து உட்கார்ந்தார். பாய் சொன்னபடி, திரும்பி வராது என்பதை முதலில் சொன்னேன். பிறகு மற்றதை.

“வார்டுக்குள்ள போன காகிதம் வெளியே வராதோ?”

“வராது மாமி. தொத்து நோயாச்சே, எரிச்சிடுவாங்க.”

“ஒரு வாரம்கூட விடாம சேர்த்தேன்மா” என்றார். மடியில் இருந்த கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். “பொண்ணுக்கு என்ன வயசு?”

“பத்தொன்பது.”

மாமியே நூலை அவிழ்த்து, அந்த மூன்று அத்தியாயங்களையும் எடுத்துக் கொடுத்தார். “எனக்குக் கதை தெரியும். அவளுக்குத் தெரியாதே. எடுத்துண்டு போ.” நான் வாசலுக்கு வந்த பிறகு பின்னாலிருந்து கூப்பிட்டார். “அந்த மீசைப் படத்தைக் கசக்கிடாதே! ரொம்ப நன்னா போட்டிருப்பான்.”

பிறகு மாமியின் புத்தகத்தை அந்த மூன்று அத்தியாயங்கள் இருந்த இடத்தில் வெற்றுத் தாள் வைத்துத் தைத்துக் கொடுத்தோம். அவர் கேட்டது அது.

புதன்கிழமை முழுவதும் ஒட்டுத்தாள் கொடுத்தேன். வியாழன் காலையில் அடுக்கிச் சரிபார்த்தேன். சரிபார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு பக்கத்தின் கடைசி வரியையும் அடுத்த பக்கத்தின் முதல் வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும், அதற்கு மேல் படிக்கத் தேவையில்லை. மூன்று புத்தகங்களைத் தைத்து பாரம் வைத்துவிட்டேன். நான்காவதைக் கடைசி அத்தியாயத்துக்காக நிறுத்தி வைத்தேன்.

மதியம் பச்சையம்மாள் வந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்திரிகையை அறுக்காமல் அப்படியே கொண்டுவந்திருந்தாள். “இனிமே நான் கை வைக்கலம்மா. நீயே எடுத்துக்கோ” என்றாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். படத்தில் கப்பல் எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் ‘முற்றும்’ போட்டிருந்தது.

“என்னம்மா ஆவறா?” என்றாள். மகளுக்காகக் கேட்கிறாளா, தனக்காகவா என்று தெரியவில்லை.

வேகமாகப் படித்துப் பார்த்துச் சொன்னேன். எதிரியின் கப்பல்கள் சூழ்ந்துவிடுகின்றன. தோழிகளைப் படகில் இறக்கி அனுப்பிவிட்டு, செங்கயல் தன் கப்பலுக்குத் தீ வைக்கிறாள். கப்பலோடு போய்விடுகிறாள்.

பச்சையம்மாள் பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். “அப்போ இதை வெச்சித் தெக்காதே.”

“முடிவு இல்லாத புத்தகத்தை எப்படிம்மா கொடுக்கிறது?” என்றேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அடுக்கில் ஒரு தாள் குறைந்தாலும் கை ஓடாது.

“இந்த முடிவை நான் எப்டிம்மா எடுத்துக்கினு போறது? திங்கக்கெழமை எம் பொண்ணு மாரை அறுக்கறாங்க.”

நான் கரீம் பாயைப் பார்த்தேன். முழுமை இல்லாத எதையும் கடையிலிருந்து வெளியே விடாதவர். அவர் பசைச் சட்டியைக் கிளறிக்கொண்டே சொன்னார். “புக்கு அந்தம்மாவுது. அவங்க சொல்ற எடத்துல நூலை முடி.”

கடைசிக்கு முந்தின அத்தியாயத்தோடு நூலை முடித்தேன். பின்னால் ஒட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வெற்று ஒட்டுத்தாளை மட்டும் விட்டு வைத்தேன். சனிக்கிழமை மாலை நான்கும் காய்ந்துவிட்டன. பாய் ஒவ்வொன்றையும் தன் மார்பின்மேல் வைத்து விரித்துப் பார்த்தார். நான்கும் விரித்தபடி கிடந்தன. பச்சையம்மாள் வேட்டியில் சுற்றி, கத்திரிக்காய்க் கூடையில் வைத்து எடுத்துப் போனாள்.

அதன்பின் பல வாரங்கள் அவள் வரவில்லை. மார்க்கெட்டிலும் காணவில்லை. மறுபடி வந்தபோது கூடை இல்லை, பத்திரிகை மட்டும் கையில் இருந்தது. நாங்கள் கேட்கவில்லை. அவளே சொன்னாள். ஆபரேஷனுக்குப் பிறகு சுலோச்சனாவுக்கு நினைவு திரும்பவே இல்லையாம். “நாலு புக்கையும் கேட்டேன். குடுக்க மாட்டேன்னுட்டாங்க. வார்டுக்குள்ள போனதை எல்லாம் எரிச்சிடுவாங்களாம்.”

பாய் அவளுக்கு உட்காரப் பலகையை நகர்த்திப் போட்டார்.

“ஞாயித்துக்கெழமை நல்லா இருந்திச்சிம்மா” என்றாள் பச்சையம்மாள். “மீசைப் படத்தைப் பாத்துட்டு, ‘ஏம்மா, இவளை உனக்குத் தெரியலியா?’ன்னு சிரிச்சிச்சி. சிரிச்சா இருமல் வரும், வந்திச்சி, அப்பவும் சிரிச்சிச்சி. அப்புறம் நாலாவது புக்கைத் திருப்பிப் பாத்துட்டு, ‘கடைசி எங்கம்மா?’ன்னு கேட்டிச்சி. ‘இன்னும் வரலடி’ன்னேன். ‘சரி, வந்ததும் எடுத்து வை’ன்னிச்சி. பொய் சொல்லிட்டு வந்துட்டேன்.”

பத்திரிகையை என்முன் வைத்தாள். “அது கேக்காம போனதை நான் கேட்டுக்கறேன். படி.”

கரீம் பாய் எழுந்து வாசலுக்குப் போனார். வந்தவர்களை அங்கேயே நிறுத்தி, அப்புறம் வரச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். நான் படித்தேன். எதிரியின் கப்பல்கள் வளைப்பதும், பெண்கள் போக மறுப்பதும், செங்கயல் அவர்களை ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிப் படகில் இறக்குவதும். பச்சையம்மாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். படகின் கயிற்றைச் செங்கயல் அறுக்கும் இடம் வந்தது.

“‘திரும்பிப் பார்க்காமல் போங்கள். நான் பின்னால் வருகிறேன்’ என்றாள் செங்கயல்.”

பச்சையம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இன்னொரு வாட்டி படி.”

படித்தேன்.

“அதையேதாம்மா சொல்லிச்சி. அன்னிக்கு மணி அடிச்சிட்டாங்க, எல்லாரையும் போவச் சொன்னாங்க. எனக்குக் கால் வரல. வாசப்படியில நின்னுக்கினு திரும்பித் திரும்பிப் பாத்தேன். ‘திரும்பிப் பாக்காம போம்மா. நான் பின்னால வரேன்’னிச்சி. பொண்ணு வரேன்னு சொல்லிட்டாளேன்னு நான் சந்தோசமா பஸ் ஏறினேன்.”

யார் கொண்டுபோய்க் கொடுத்தார்களோ தெரியாது. அன்றைக்கு பச்சையம்மாளுக்கு முன்பே பார்க்க வந்தவர் யாராவது அந்த வாரப் பத்திரிகையைப் பக்கத்துக் கட்டிலில் விட்டுப் போயிருக்கலாம். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து மறைத்ததை, சுலோச்சனா தன் அம்மாவுக்குத் தெரியாமல் முன்பே படித்து முடித்திருந்தாள். தெரியாதவள்போல, கடைசி எங்கே என்றும் கேட்டிருக்கிறாள்.

பச்சையம்மாள் அழவில்லை. என் மணிக்கட்டையும் விடவில்லை. மிச்சம் அரைப் பக்கம் இருந்தது. நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன்.

“படிம்மா. அது பாதியில வுட்டிருக்காது” என்றாள்.

கப்பல் எரிந்து முடியும்வரை படித்தேன்.